தானாகச் சொல்லும் பிள்ளை: சமூக ஊடகக் காலத்தில் பெற்றோரின் காவல்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் கைபேசித் திரைக்கு இடம்பெயர்ந்தபோது, அதுவரை பெரும்பாலான வீடுகளில் பெரியவர்களின் உடைமையாக இருந்த ஸ்மார்ட்போன், பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் போலவே இன்றியமையாததாகிவிட்டது. பள்ளிகள் திறந்த பிறகு பாடம் வகுப்பறைக்குத் திரும்பியதே தவிர, போன் பெரியவர்களின் கைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. ஊரகப் பிள்ளைகளின் கல்வி நிலையை வீடுவீடாகச் சென்று அளக்கும் ஏசர் ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, இந்திய ஊரகங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ளோரில் 82.2 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும் என்றும், அவர்களில் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு என்றும் பதிவு செய்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு விவரமும் உண்டு. சமூக ஊடகத்தைப் பயன்படுத்தும் அந்தப் பிள்ளைகளில் ஒரு கணக்கைத் தடுக்கவோ அதன்மீது புகார் அளிக்கவோ தெரிந்தவர்கள் 62 விழுக்காடு. தம் கணக்கை அந்நியர் பார்வையிலிருந்து மறைத்துவைக்கத் தெரிந்தவர்கள் 55.2 விழுக்காடு மட்டுமே. தெருவில் இறங்கிவிட்ட பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வீட்டுக் கதவைத் தாழிடத் தெரியவில்லை என்பதே இதன் பொருள்.

இந்த நிலையில் பெற்றோர் முதலில் எழுப்பும் கேள்வி, பிள்ளை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போன் பார்க்கலாம் என்பதுதான். கேள்வி இயல்பானதே, ஆனால் இதற்கு ஆய்வுலகம் ஒருமித்த விடை தரவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஹைட் 2024இல் வெளியிட்ட 'தி ஆங்ஷியஸ் ஜெனரேஷன்' என்ற நூல், ஸ்மார்ட்போனும் சமூக ஊடகமும் பதின்பருவத்தினரின் மனநலத்தைப் பெருமளவு சிதைத்துவிட்டன என்று வாதிட்டது. அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் அந்நூலை மதிப்பிட்ட உளவியலாளர் கேண்டிஸ் ஆட்ஜர்ஸ், கிடைத்துள்ள சான்றுகள் அவ்வளவு பெரிய முடிவைத் தாங்கா என்று மறுத்தார். அதற்கு முன்பே, 2019இல், ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மிகப் பெரிய தரவுத் தொகுதிகளை ஆராய்ந்து, பதின்பருவத்தினரின் மனநலத்தில் காணப்படும் வேறுபாடுகளில் மின்னணுத் தொழில்நுட்பப் பயன்பாட்டால் விளக்கக்கூடியது அதிகபட்சம் 0.4 விழுக்காடு என்று காட்டியிருந்தனர். மறுபுறம், அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட அறிவுரைக் குறிப்பு, நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் செலவிடும் பதின்பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகள் தோன்றும் வாய்ப்பு இருமடங்கு என்று எச்சரித்தது.

இந்த முரண்பாட்டுக்கு ஒரு காரணம், சராசரி என்ற அளவே பலவற்றை மறைத்துவிடுகிறது என்பதாகும். ஆயிரம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நண்பர்களோடு அரட்டையடித்துவிட்டுப் போய்விட, சிலர் மட்டும் ஆழமாகப் பாதிக்கப்பட்டால், மொத்தக் கணக்கில் அந்தப் பாதிப்பு மிகச் சிறியதாகவே தெரியும். 2017இல் லண்டனில் 14 வயதில் உயிரை மாய்த்துக்கொண்ட மாலி ரசல் என்ற மாணவியின் இறப்பு குறித்து 2022 செப்டம்பரில் முடிவடைந்த விசாரணை, அந்தச் சிலரில் ஒருவருக்கு நேர்ந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இறப்புக்கு முந்தைய 6 மாதங்களில் இன்ஸ்டாகிராமில் அவர் சேமித்த, விரும்பிய அல்லது பகிர்ந்த ஏறத்தாழ 16,300 பதிவுகளில் 2,100 பதிவுகள் தற்கொலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், மனச்சோர்வு ஆகியவற்றைப் பற்றியவை. இவற்றில் பலவற்றை அவர் தேடிப் போகவில்லை. பயனர் எந்தப் பதிவில் சற்று நின்று பார்க்கிறார் என்பதைக் கணித்து, அதைப் போன்றவற்றையே மேலும் மேலும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் பரிந்துரை நெறிமுறை அவற்றைக் கொண்டுவந்தது. மனச்சோர்வோடு இணையத்தில் கண்டவற்றின் தீய விளைவுகளும் சேர்ந்தே அந்த மரணத்துக்கு இட்டுச்சென்றன என்று விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அந்த மாணவி எத்தனை மணி நேரம் போன் பார்த்தார் என்று மட்டும் கேட்டிருந்தால் இவற்றில் எதுவுமே தெரிந்திராது. எதைப் பார்க்கிறாய், அது உன்னை என்ன செய்கிறது என்ற கேள்விக்கே அங்கு விடை இருந்தது. அந்த விடையைச் சொல்லக்கூடியவரும் அவர் ஒருவர்தான்.

பிள்ளையின் வாழ்வில் நடப்பது பெற்றோருக்கு எந்த வழியாகத் தெரியவருகிறது என்ற கேள்விக்கு, சமூக ஊடகம் தோன்றுவதற்கு முன்பே ஓர் அடிப்படையான விடை கிடைத்துவிட்டது. பெற்றோரின் கண்காணிப்பே பிள்ளைகளைத் தவறான வழியிலிருந்து காக்கிறது என்பது அதுவரை உளவியலில் நிலைபெற்றிருந்த கருத்து. ஸ்வீடனில் ஆய்வு செய்த ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 14 வயதுடைய 703 பேரையும் அவர்களது பெற்றோரையும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, இந்தக் கருத்தின் அடித்தளத்தையே அசைத்தது. பெற்றோருக்குக் கிடைக்கும் தகவல் மூன்று வழிகளில் வரலாம் என அவர்கள் பிரித்துப் பார்த்தனர்: பிள்ளை தானாக முன்வந்து சொல்வது, பெற்றோர் பிள்ளையிடமோ அதன் நண்பர்களிடமோ கேட்டறிவது, கட்டுப்பாடுகள் விதித்துத் தெரிந்துகொள்வது. இம்மூன்றில் பெற்றோரின் அறிதலோடு மிக நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது முதலாவதே. அதாவது, முந்தைய ஆய்வுகள் கண்காணிப்பின் பலன் என்று கருதியது, பெரும்பாலும் பிள்ளை தானே வாய்திறந்து சொன்னதன் பலனாக இருந்தது. 2010இல் இதே மரபில் வந்த மற்றோர் ஆய்வு இதை ஒரு படி மேலே கொண்டுசென்றது: பிள்ளை சொன்னதைக் கேட்டுப் பெற்றோர் சீறினால், ஏளனம் செய்தால், அல்லது அதையே காரணமாக்கித் தண்டித்தால், நாளடைவில் பிள்ளை சொல்வது குறைந்து மறைப்பது கூடுகிறது.

இணையத்தில் பிள்ளைக்கு நேர்வதற்கும் பெற்றோர் அறிவதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை, 2010இல் 25 ஐரோப்பிய நாடுகளில் 9 முதல் 16 வயதுவரையுள்ள ஏறத்தாழ 25,000 பிள்ளைகளிடமும் அவர்களது பெற்றோரிடமும் தனித்தனியே கேட்டு நடத்தப்பட்ட 'ஈயூ கிட்ஸ் ஆன்லைன்' ஆய்வு அளந்து காட்டியது. புண்படுத்தும் செய்திகளைப் பெற்ற பிள்ளைகளின் பெற்றோரில் 56 விழுக்காட்டினர் தம் பிள்ளைக்கு அப்படி எதுவும் வரவில்லை என்றே கூறினர். இணையத்தில் அறிமுகமான ஒருவரை நேரில் சந்தித்துவிட்டு வந்த பிள்ளைகளின் பெற்றோரில் 61 விழுக்காட்டினருக்கு அந்தச் சந்திப்பு நடந்ததே தெரியாது. இவர்கள் பொறுப்பற்ற பெற்றோர் அல்லர். பிள்ளை சொல்லாமல் தெரிந்துகொள்ள வழியில்லாத இடத்தில் இருந்தவர்கள். அந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சோனியா லிவிங்ஸ்டன், பெற்றோரின் தலையீட்டைத் தடுத்தல், துணைநிற்றல் என இரு வகையாகப் பிரித்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். தடுத்தல் ஆபத்துகளைக் குறைக்கவே செய்கிறது. ஆனால் அதோடு பிள்ளை கற்கக்கூடிய திறன்களையும் குறைத்துவிடுகிறது என்பதும், உடனிருந்து பேசுதல், சேர்ந்து பார்த்தல், வழிகாட்டல் ஆகியவை திறனையும் வளர்க்கின்றன என்பதும் அவரது ஆய்வுகளின் சாரம். இளையோரைப் பொறுத்தவரை தடுத்தல் அறவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. 10 வயதுப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு தேவையில்லை என்று மறுப்பதும், 16 வயது மகளின் போனை வாரந்தோறும் வாங்கித் துருவுவதும் ஒன்றல்ல.

தானாகச் சொல்லுதல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, அண்மைக் காலத்தில் பதின்பருவத்தினரைக் குறிவைத்துப் பெருகியுள்ள ஒரு குற்றத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்தரங்கப் படத்தைக் கைப்பற்றி, அதை வெளியிட்டுவிடுவதாக மிரட்டிப் பணமோ மேலும் படங்களோ பறிக்கும் இக்குற்றம், உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வடிவில் நடக்கிறது. முதலில் பதின்பருவப் பையன் ஒருவனுக்கு, அவன் வயதுப் பெண்ணின் பெயரில், அழகிய படத்தோடு, ஃபாலோ ரிக்வெஸ்ட் வருகிறது. அந்தக் கணக்கைப் பள்ளித் தோழர்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே ஃபாலோ செய்வதால் சந்தேகம் எழுவதில்லை. மிரட்டுபவர் அவர்களுக்கும் முன்பே ரிக்வெஸ்ட் அனுப்பியிருப்பார் என்பது பையனுக்குத் தெரியாது. பேச்சு ஒரே மாலைக்குள் நெருக்கமாகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு படம் முதலில் வருகிறது. பதிலுக்கு ஒன்று கேட்கப்படுகிறது. அது அனுப்பப்பட்ட சில நொடிகளில் தொனி மாறி, பையனின் ஃபாலோயர் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட் வந்து விழுகிறது: அம்மா, அத்தை மகள், வகுப்பு ஆசிரியர், டியூஷன் நண்பர்கள் என எல்லாருடைய பெயர்களும் அதில் இருக்கின்றன. இத்தனை நிமிடத்துக்குள் இவ்வளவு பணம் அனுப்பாவிட்டால் இவர்கள் அனைவருக்கும் படம் போகும் என்ற மிரட்டல் அடுத்து வருகிறது. இந்தியாவில் இதற்கொரு கூடுதல் கட்டமும் உண்டு. வீடியோ காலைப் பதிவு செய்துவைத்துக்கொண்ட கும்பலைச் சேர்ந்த இன்னொருவர், காவல்துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு அழைத்து, அந்தப் பெண் புகார் கொடுத்திருப்பதாகவும் கைது நடக்கப்போவதாகவும் அச்சுறுத்துகிறார். போலீஸ் என்ற சொல்லே வளர்ந்தவர்களைக்கூட நடுங்கவைக்கும் சூழலில், 15 வயதுப் பையன் என்ன செய்வான்?

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயும் உள்நாட்டுப் பாதுகாப்புப் புலனாய்வுப் பிரிவும் 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை, சிறார்களிடம் இவ்வாறு பணம் பறித்தது தொடர்பாக 13,000க்கும் மேற்பட்ட புகார்களைப் பெற்றன. பாதிக்கப்பட்டோர் குறைந்தது 12,600 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஆண்பிள்ளைகள். குறைந்தது 20 பேர் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2022 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் உயிரிழந்த 17 வயது மாணவர் ஒருவரின் வழக்கில், மிரட்டிய நைஜீரியச் சகோதரர்கள் இருவர் 2023இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2024இல் தலா பதினேழரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். பேச்சு தொடங்கியதற்கும் உயிர் பிரிந்ததற்கும் இடையே 6 மணி நேரம்கூட ஆகவில்லை. எந்தக் கண்காணிப்புச் செயலியும், இரவில் போனைச் சரிபார்க்கும் எந்த வழக்கமும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அந்தச் சில மணி நேரத்தில் உதவக்கூடியது, அடுத்த அறையில் தூங்கும் அப்பாவை எழுப்பிச் சொல்லலாம் என்ற நம்பிக்கை ஒன்றே.

அந்த நம்பிக்கை அன்றிரவு திடீரென உருவாவதில்லை. எதுவும் நடக்காத நாள்களில், தெளிவான சொற்களில் முன்கூட்டியே தரப்பட வேண்டியது. "எப்படிப்பட்ட படம் வெளியே போயிருந்தாலும் சரி, யார் மிரட்டினாலும் சரி, எத்தனை மணி ஆனாலும் எங்களை எழுப்பிச் சொல்லு; அடிக்க மாட்டோம், போனைப் பிடுங்க மாட்டோம், சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்று பெற்றோர் வாய்விட்டுச் சொல்வதற்குத் தமிழ்க் குடும்பங்களில் பெருந்தயக்கம் இருக்கிறது. அப்படிச் சொன்னால் தவறு செய்ய அனுமதி கொடுத்ததாகிவிடாதா என்ற அச்சம் அதன் பின்னால் உள்ளது. ஆனால் மிரட்டுபவரின் மூலதனமே வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான். வீட்டுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டால் மிரட்டலின் பாதி வலு அங்கேயே போய்விடுகிறது.

சொல்லப்பட்ட பிறகு செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. செய்யக்கூடாதவற்றைத் தவிர்ப்பதே கடினம். பணம் அனுப்பக்கூடாது, ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள் என்பது இக்குற்றத்தின் மாறாத இயல்பு. ஆத்திரத்தில் கணக்கையே அழித்துவிடுவதும் உரையாடலை நீக்குவதும் சான்றுகளை அழித்துவிடும்; மிரட்டியவரின் பயனர் பெயர், கணக்கின் இணைப்பு, பணம் கேட்ட யூபிஐ முகவரி, மிரட்டல் செய்திகளின் ஸ்க்ரீன்ஷாட் ஆகியவற்றை எடுத்துவைத்த பின்னரே கணக்கைத் தடுக்க வேண்டும். பிள்ளையின் படத்தை ஆதாரம் என்ற பெயரில் உறவினருக்கோ தெரிந்த வக்கீலுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், குற்றத்தைப் பெருக்கும் செயலாகிவிடும். சிறாரின் பாலியல் படங்களை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமாகாது என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கி, இதற்கான சட்டப் பிரிவுகளின் வீச்சை விரிவாக விளக்கியது என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். புகாரை 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ பதியலாம். சிறார் தொடர்பான புகார்களைப் பெயர் வெளியிடாமலும் அந்தத் தளத்தில் அளிக்க முடியும். 1098 என்ற சிறார் உதவி எண்ணும், மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணும் வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி ஒட்டத்தக்கவை. காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் சிறாருக்கான அமெரிக்க தேசிய மையம் 2023இல் தொடங்கிய 'டேக் இட் டவுன்' சேவை, படத்தை எங்கும் அனுப்பாமலேயே, பிள்ளையின் போனிலேயே அதிலிருந்து ஒரு தனித்த எண்தொடரைக் கணக்கிட்டு எடுத்து, அந்த எண்தொடரை மட்டும் பங்கேற்கும் தளங்களுக்குத் தருகிறது. அதே படம் அங்கே பதிவேற்றப்பட்டால் தளம் அடையாளம் கண்டு நீக்கிவிடும்.

காவல் நிலையம் என்றாலே குடும்ப மானம் போய்விடும் என்று ஒதுங்குவோர் பலர். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இந்த அச்சத்தை எதிர்பார்த்தே எழுதப்பட்டது என்பது பரவலாகத் தெரியாத செய்தி. பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிய வேண்டும். அப்போது அவர் சீருடையில் இருக்கக்கூடாது. பெற்றோரோ பிள்ளை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும். எக்காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. ஊடகங்கள் அடையாளத்தை வெளியிடக்கூடாது. நடைமுறையில் இவை மீறப்படுவது உண்டு. ஆனால் உரிமை இன்னதென்று அறிந்த பெற்றோர் அதைக் கேட்டுப் பெறும் நிலையில் இருக்கிறார்கள்.

பெற்றோர் துணைநிற்பார்கள் என்ற உறுதி இல்லாதபோது என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில், தன் முகத்தை வேறு உடலோடு ஒட்டி மார்ஃபிங் செய்த படம் ஃபேஸ்புக்கில் வெளியிடப்பட்டதால் 21 வயதுப் பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்தார் புகார் அளித்திருந்தும் நடவடிக்கை தாமதப்பட்டது. இடையில் மேலும் ஒரு படம் வெளியானது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவித்தார். அந்தப் பெண் எழுதிவைத்த கடிதத்தில் வெளிப்பட்ட வேதனை, வெளியார் பேச்சைவிடப் பெற்றவர்களே தன்னை நம்பவில்லையே என்பதைப் பற்றியதாக இருந்தது. அவர் பதின்பருவத்தைக் கடந்தவர்தான். ஆயினும் இன்று ஒரு சாதாரண முகப்படத்தைக் கொண்டே சில நிமிடங்களில் செயற்கை நுண்ணறிவால் ஆபாசப் படம் உருவாக்க முடிகிற நிலையில், எந்தத் தவறும் செய்யாத பள்ளி மாணவிக்கும் இது நேரலாம். அப்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "நீ என்ன செய்தாய்?" என்பதாக இருந்தால், மகள் அதன்பின் எதையும் சொல்ல மாட்டாள்.

மகள்களின் நிலை இன்னொரு வகையிலும் வேறுபட்டது. மேலே குறிப்பிட்ட ஏசர் அறிக்கையின்படி, ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்த ஆண்பிள்ளைகளில் 36.2 விழுக்காட்டினருக்கும் பெண்பிள்ளைகளில் 26.9 விழுக்காட்டினருக்கும் சொந்தப் போன் உண்டு. மற்றவர்கள் அம்மாவின் போனிலோ அண்ணனின் போனிலோ, பல வேளைகளில் யாருக்கும் தெரியாத இன்னொரு ஐடியில், சமூக ஊடகத்துக்குள் நுழைகிறார்கள். தனக்கு ஒருவன் தொடர்ந்து தொல்லை தருகிறான் என்று மகள் சொன்னால், பல வீடுகளில் தண்டனை அவனுக்கல்ல, அவளுக்கே கிடைக்கிறது: போன் பறிக்கப்படும், டியூஷன் நிற்கும், வெளியூர்க் கல்லூரிக் கனவு கலையும், சில வீடுகளில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் தொடங்கிவிடும். சொன்னால் இழப்பு உறுதி, சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பலாம் என்ற கணக்கில் அவள் மௌனத்தைத் தேர்ந்தெடுப்பதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. வீடு அவளுக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது. பிள்ளைக்கு நேரும் ஆபத்துக்கு அவள் படிப்பை விலையாகக் கேட்கும் வழக்கம் நின்றாலொழிய, எந்தச் செட்டிங்கும் எந்தச் சட்டமும் அவளைக் காப்பாற்றாது என்பதே இக்கட்டுரையின் உறுதியான நிலைப்பாடு.

ஆண்பிள்ளைகளைப் பற்றிய ஒரு கவலையும் தமிழ்நாட்டுக்கே உரியது. தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளில் வெளிப்பட்ட சாதிப் பெருமிதம், இப்போது ரீல்ஸிலும் ஸ்டேட்டஸிலும் வீச்சரிவாள் படங்களோடும் சினிமா வசனங்களோடும் வெளிப்படுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் உடன் படித்த மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின்னர், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மகன் இணையத்தில் பாதிக்கப்படலாம் என்று அஞ்சும் பெற்றோர், அவன் இன்னொருவர் பிள்ளையைப் பாதிக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. மகன் பகிரும் சாதி ரீலுக்குத் தந்தையே லைக் போடும் வீட்டில் அந்த எண்ணம் தோன்ற வழியில்லை.

போனுக்குள் இருக்கும் பாதுகாப்பு வசதிகள் பயனற்றவை என்று இதனால் கொள்ளக்கூடாது. மெட்டா நிறுவனம் 2024 செப்டம்பரில் சில நாடுகளிலும் 2025 பிப்ரவரியில் இந்தியாவிலும் அறிமுகப்படுத்திய இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுன்ட், 18 வயதுக்குட்பட்டோரின் கணக்கைத் தானாகவே பிரைவேட் ஆக்குகிறது; அறிமுகமில்லாதோர் செய்தி அனுப்புவதைத் தடுக்கிறது; இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகளை நிறுத்திவைக்கிறது; 16 வயதுக்குட்பட்டோர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆனால் இவ்வளவும் கணக்குத் தொடங்கும்போது பிள்ளை உண்மையான பிறந்த ஆண்டைத் தந்திருந்தால்தான் செயல்படும். 12 வயதில் கணக்குத் தொடங்குவதற்காகப் பிறந்த ஆண்டை ஏழெட்டு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிய பிள்ளை, 15 வயதில் தளத்தின் கணக்குப்படி 22 வயதுக்காரர். அவருக்கு எந்தக் காப்பும் கிடையாது. பல வேளைகளில் அந்தப் பொய்யான ஆண்டைப் போட்டுக் கொடுத்தவர் வீட்டுப் பெரியவரே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு அமர்ந்து கணக்கின் பிறந்த ஆண்டைத் திருத்துவதும், யார் யார் ஃபாலோ செய்கிறார்கள் என்று சேர்ந்து பார்த்து நேரில் அறியாதவர்களை நீக்குவதும், தேவையற்ற பதிவுகள் வந்தால் இதில் ஆர்வமில்லை என்ற தெரிவை அழுத்தப் பழக்குவதும் ஒரு மணி நேர வேலை. பிள்ளைக்குத் தெரியாமல் உளவுச் செயலியைப் போனில் ஏற்றுவது இதற்கு நேர்மாறானது. அது கண்டுபிடிக்கப்படும் நாளில், பிள்ளை இன்னொரு போனுக்கோ இன்னொரு கணக்குக்கோ மாறிவிடும். அதன்பின் பெற்றோருக்குக் கிடைப்பது பிள்ளை காட்ட விரும்பியது மட்டுமே.

தடையால் தீர்வு காணும் முயற்சிகளும் நடந்துள்ளன. டிக்டாக் செயலியால் சிறார் கெடுகிறார்கள் என்ற வழக்கில், அதன் பதிவிறக்கத்தைத் தடைசெய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று இடைக்கால உத்தரவிட்டது. அதே மாதம் 24ஆம் நாள் அத்தடை விலக்கப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று, சிறார் நலனுக்கு முற்றிலும் தொடர்பில்லாத எல்லைப் பதற்றச் சூழலில், ஒன்றிய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது. அடுத்த சில நாள்களில் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் அங்கே குடிபெயர்ந்தார்கள். ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் நிறைவேற்றி 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் இதைவிட நுட்பமானது. 16 வயதுக்குட்பட்டோர் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க உரிய முயற்சி எடுக்காத தளங்களுக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் விதிக்க அது வகைசெய்கிறது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் எந்தத் தண்டனையும் இல்லை. பொறுப்பைத் தளத்தின் தலையில் வைத்த இந்த ஒரு கூறு பாராட்டத்தக்கது.

இந்தியச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் பிள்ளையாகவே கொள்கிறது. அவரது தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதோ அவரைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதோ கூடாது என்றும், மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்றும் கூறுகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முதன்மை விதிகள் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். விளம்பரக் கண்காணிப்புக்கான தடை வரவேற்கத்தக்கது. ஒப்புதல் என்ற ஏற்பாடோ, படித்துப் பார்க்க இயலாத நீண்ட நிபந்தனைப் பக்கத்துக்கு முன்னால் பெற்றோரை நிறுத்தி, ஆம் என்ற பொத்தானை அவர்களை அழுத்தவைத்துவிட்டு, பின்னர் நேரும் அனைத்துக்கும் அவர்களையே பொறுப்பாக்கும் அபாயம் உடையது. மகனுக்கு எளிதில் கிடைக்கும் ஒப்புதல் மகளுக்கு மறுக்கப்படும் வீடுகளில், அவள் மறுபடியும் பொய்யான பிறந்த ஆண்டுக்கே திரும்புவாள்.

இணையப் பாதுகாப்பு பற்றிய அறிவைத் தனித்தனி வீடுகள் தாமாகவே தேடிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. மில்லிலும் வயலிலும் நாள் முழுதும் உழைத்துவிட்டு வரும் பெற்றோருக்குப் புதிது புதிதாக மாறும் செயலிகளைப் பின்தொடர நேரமில்லை. அதற்கான ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்; மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். கட்டடம், கழிப்பறை, மதிய உணவு ஆகியவை பேசப்படும் அந்தக் கூட்டங்களில் ஒன்றை ஆண்டுக்கொரு முறை இதற்கென ஒதுக்கி, பத்தாம் வகுப்பு மாணவிகள் இருவரைக் கொண்டே ஒரு போனில் கணக்கைப் பிரைவேட் ஆக்குவது, தொல்லை தரும் கணக்கைத் தடுப்பது, ரிப்போர்ட் செய்வது ஆகியவற்றை அம்மாக்களுக்குச் செய்துகாட்டச் சொல்லலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் வந்து, புகார் கொடுத்தால் அடுத்து என்ன நடக்கும், பிள்ளையின் பெயர் எவ்வாறு காக்கப்படும் என்பதைப் படிப்படியாக விளக்கலாம். இதற்குத் தனி நிதியோ புதிய அரசாணையோ தேவையில்லை. அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.